செல்வராசாவின் நெஞ்சு நோ

பிள்ளை,

செல்வராசா என்று ஒருவர் என்னோடு வேலை செய்யவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்திருந்தபோது, படியேறினால் நெஞ்சு இறுக்குகிறது என்று நான் உன்னிடம் கதை சொன்னேனே, அந்த மனிதர் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எழுத எழுதத் துணிவு குறைந்துகொண்டே போய், கடைசியில் இது மெல்பன் குளிரைப் பற்றிய கடிதமாக முடிந்துவிடும். அப்படிக் கடிதம் எழுதுவதில் உன் அப்பா கெட்டிக்காரன் என்று உனக்குத் தெரியும்.

அன்று நீ கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் முறை போட்டுக்கொண்டிருந்தாய். அம்மா குசினியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன். "என்னோடை வேலை செய்யிற செல்வராசா எண்டொருத்தர், பாவம், படியேறேக்கை நெஞ்சை இறுக்குதாம். நிண்டா விட்டிடுதாம். வயித்துக் காஸாத்தான் இருக்கும், என்ன?" என்றேன். உன் கரண்டி அந்தரத்தில் நின்றது. என்ன வயது, எப்போது தொடங்கியது, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வேர்க்கிறதா, இரத்தத்தில் சீனி கூடின வருத்தம் இருக்கிறதா, சும்மா இருக்கும்போதும் வருகிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாய். சிலதற்கு "அப்பிடித்தான் போல" என்றேன், சிலதற்கு "கேட்டுச் சொல்லுறன்" என்றேன். "அப்பா, அவரை இண்டைக்கே போய்க் காட்டச் சொல்லுங்கோ. நாளைக்கில்லை, இண்டைக்கு" என்றாய். ஓம் என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை பழைய வார்டு வேலையிலிருந்து போன் எடுத்தாய். "உங்கட ஃப்ரெண்ட் போனவரோ?" "போனவர், போனவர். காஸாம்." "ஈசிஜி எடுத்தவையோ?" "எடுத்தவையாம்." "எந்த டொக்டர் பாத்தவர்?" "ஆரோ ஒரு டொக்டர், பிள்ளை. அவரிட்டை நான் பேரெல்லாம் கேக்கேல்லை." பிறகு மெதுவாக, "திருப்பி நொந்தா, நான் கூட வாறன் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ, அப்பா" என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒழுங்காகச் சாப்பாடு இறங்கவில்லை.

இதை ஏன் நேரே சொல்லாமல் எழுதுகிறேன் என்றால், என் வாய் ஒரு பழக்கத்துக்கு அடிமை. எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் அது யோசிக்காமல் "ஒண்டுமில்லை, சும்மா நல்லா இருக்கிறன்" என்று சொல்லிவிடும். அம்மா கேட்டாலும் அதுதான், கேரம் டவுன்ஸ் கோயிலில் தெரிந்தவர்கள் கேட்டாலும் அதுதான். கைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கக் காரைத் திருப்பிக்கொண்டு வந்தவன் என்று அம்மா எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பாள், அது உண்மைதான். நீ மெடிசின் வேண்டாம், நர்சிங் படிக்கப் போகிறேன் என்று சொன்ன வருடம், கோயில் மண்டபத்தில் ஒரு அன்ரி உன்னை இரக்கமாகப் பார்த்து, "மார்க்ஸ் போதாமல் போச்சுதோ, அம்மா?" என்று கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மாவின் முகம் கறுத்துப் போயிற்று. எனக்கோ உள்ளுக்குள் நிம்மதி. என் கணக்கு என்னவென்றால், டொக்டர் என்றால் எல்லாப் பழியும் அவர் தலையில். நர்ஸ் என்றால் பின்னால் ஒருத்தர் நிற்பார். உன் பின்னால் எப்போதும் ஒருத்தர் நிற்கவேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நல்ல வேலை, நல்ல பெயர், பிழை வந்தால் வேறொருவர். தகப்பன்மார் இப்படியெல்லாம் கணக்குப் போடுவார்கள், வெளியே சொல்லமாட்டார்கள்.

அந்த நிம்மதியில் சில வருடங்கள் நன்றாகத்தான் போயின. பிறகு ஒரு நாள் வந்து, வார்டில் இருந்தது போதும், மேலே படித்து நர்ஸ் பிரக்டிஷனர் ஆகப்போகிறேன் என்றாய். அது என்ன, அரை டொக்டரோ என்று கேட்டுவிட்டேன். உனக்கு வந்த கோபம்! "அரை இல்லை, அப்பா. முழு நர்ஸ்" என்றாய். நீயே நோயாளியைப் பார்ப்பாய், நீயே பரிசோதனைக்கு எழுதுவாய், என்ன வருத்தம் என்று நீயே முடிவெடுப்பாய், மருந்தும் உன் பெயரிலேயே எழுதுவாய் என்று விளங்கப்படுத்தினாய். அம்மா பெருமையில் கண்ணைத் துடைத்தாள். நான் கேட்டது ஒன்றுதான். "அப்ப பின்னாலை ஆர்?" நீ சிரித்தாய். "தேவையெண்டா டொக்டரைக் கேப்பன், அப்பா. ஆனா முன்னாலை நான்தான்." உன் சிரிப்பில் நான் கலந்துகொள்ளவில்லை.

நானும் வேலை முடித்துக் கையெழுத்து வைக்கிறவன்தான். மல்கிரேவ் அலுவலகங்களின் கூரையில் இருக்கிற ஏசிகளைப் பார்த்து, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு எனக்கும் ஒரு லைசன்ஸ் இருக்கிறது. ஆனால் நான் பிழைவிட்டால் ஒரு அலுவலகத்துக்கு வேர்க்கும், அவ்வளவுதான். மேலாளர் போன் எடுத்துக் கத்துவார், திரும்பப் போய்ப் பார்ப்பேன். நீ பிழைவிட்டால் திரும்பப் போய்ப் பார்க்க ஒருத்தர் இருப்பாரா? இந்த நினைப்பு வந்தால் ஓட்டிக்கொண்டு போகிற வேலை வானை ஓரமாக நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பேன்.

ஆனாலும் உன் படிப்பில் எனக்கும் பங்கு இருக்கிறது, அதை நீ மறுக்க முடியாது. செய்முறைப் பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமைகளில் என்னை நோயாளியாக நடிக்கச் சொன்னாய். சாப்பாட்டு மேசையில் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்கு என்ன வருத்தம் என்று ஒரு அட்டையில் எழுதித் தருவாய். முதல் நாள் நான் கதிரையில் உட்கார்ந்ததும் அட்டையில் இருந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டேன். நீ தலையில் கை வைத்தாய். "அப்பா, ஸ்டொப்! ஆரும் இப்பிடிச் சொல்லமாட்டினம். கேட்டாத்தான் சொல்லவேணும். முக்கியமானதை இரண்டாந்தரம் கேட்டாத்தான் சொல்லவேணும்." பிறகு நான் தேறிவிட்டேன். நெஞ்சு நோ அட்டை வந்தால் முதுகு உளைவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். கேள்வியைக் கேள்வியால் மடக்குவேன். "வீட்டிலை எல்லாரும் சுகமோ, நேர்ஸ்?" என்று உன்னையே விசாரிப்பேன். அம்மா குசினி வாசலில் நின்று, "இந்த மனுசன் சினிமாவுக்குப் போயிருக்கவேணும்" என்பாள். நீ சிரித்துச் சிரித்து மேசையில் சாய்வாய், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து திரும்பவும் கேட்பாய். ஒவ்வொரு முறையும் கடைசியில் என்னைப் பிடித்தாய்.

நீ சொல்லித் தந்த வித்தையைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடமே காட்டினேன். அதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு நாளைச் சொல்லவேண்டும். உன் பயிற்சிக் காலம் முடியப் போகிற சமயம். பின்னேரம் உன் கார் வாசலில் வந்து நின்றது, நீ இறங்கி வரவில்லை. யன்னலால் பார்த்தேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் அப்படியே இருந்தன. கோப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்து பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அன்று ஒரு வயதான மனிதருக்கு நீ மருந்தின் அளவைத் தீர்மானித்தாய், உன்னை மேற்பார்வை பார்த்த டொக்டரும் சரி என்று சொல்லிவிட்டார், அந்த மனிதரும் சுகமாக வீட்டுக்குப் போய்விட்டார். எல்லாம் சரிதான். ஆனாலும் வழி நெடுக அந்த அளவையே மனதுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாய். "அப்பா, எனக்குப் பயமா இருக்கு. இது போகாதோ?" என்று கேட்டாய். போகும் பிள்ளை, பழகிவிடும் என்று முதுகைத் தடவினேன். வேறென்ன சொல்வது? கோப்பி ஆறிப்போயிற்று.

அது பிழையான பதில். போகக்கூடாது, பிள்ளை. பயத்தோடு வாழ்ந்த மனிதன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் எனக்கு அனுபவம் அதிகம். உனக்குப் பயம் வந்தால் நீ திரும்பிப் போய்ப் பார்க்கிறாய். எனக்குப் பயம் வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். அடுப்பை மட்டும்தான் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன். உன் பயம் நல்ல பயம். திங்கட்கிழமை கிரான்பர்ன் கிளினிக்கில் முதல் நாளாக உன் பெயர் எழுதிய அறைக்குள் போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போ. ஒரு நாள் அது வராவிட்டால்தான் யோசிக்கவேண்டும்.

உனக்கு நர்ஸ் பிரக்டிஷனர் அங்கீகாரம் கிடைத்த அன்று நடந்ததையும் எழுதாமல் விடமுடியாது. அம்மா கேசரி கிண்டினாள். உன்னை இருத்தி வாயில் ஊட்டிவிட்டு, தன் பிரஷர் குளிசைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இனி நான் அந்த டொக்டரிட்டைப் போய்க் காவல் இருக்கத் தேவையில்லை, என்ன? நீயே எழுதித் தா." நீ பெட்டியைத் தொடவில்லை. "அம்மா, உங்களுக்கும் அப்பாவுக்கும் நான் எழுதக்கூடாது" என்றாய். அம்மா பகிடி என்று நினைத்தாள். பிறகு விளங்கியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானாவது சும்மா இருந்திருக்கலாம். "ஊர்ச்சனம் எல்லாருக்கும் எழுதுவாய், பெத்ததுகளுக்கு மட்டும் இல்லையோ?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் கேசரியின் இனிப்பெல்லாம் போயிற்று.

நீ கோபப்படவில்லை. "உங்களைப் பாத்தா எனக்குக் கண் தெரியாது, அப்பா. ஒண்டும் இருக்கக்கூடாது, ஒண்டும் இருக்கக்கூடாது எண்டு நினைச்சுக்கொண்டுதான் பாப்பன். அப்பிடிப் பாக்கிற ஆள் உங்களுக்கு வேண்டாம்" என்றாய். அப்போது எனக்கு அது சட்டம் பேசுவதுபோல் இருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் என் நெஞ்சில்தான் படுத்துக் கிடப்பாய், இப்போது என் நெஞ்சைப் பார்க்கமாட்டாயாம் என்று மனதுக்குள் முறுகிக்கொண்டேன். என் பிள்ளை எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டு எங்களுக்கு மட்டும் சாத்திவிட்டாள் என்றுகூட நினைத்தேன். மன்னித்துக்கொள்.

வியாழக்கிழமைதான் அது எனக்கு விளங்கியது. மல்கிரேவில் ஒரு கட்டடம். லிஃப்ட் கடைசி மாடிவரைதான் போகும், கூரைக்குப் படியில் ஏறவேண்டும். கையில் கருவிப் பெட்டி. பாதிப் படியில் நெஞ்சு இறுக்கத் தொடங்கியது. வழக்கம்போல் நின்றேன். ஆனால் இந்த முறை நோ விடவில்லை. எப்படியோ மேலே ஏறி, ஓடிக்கொண்டிருந்த ஏசிப் பெட்டியில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்துவிட்டேன். இடது தாடை கனத்தது. குளிர் காற்று அடிக்கிறது, எனக்குக் கழுத்தெல்லாம் வேர்வை. கீழே கார்கள் போய்க்கொண்டிருந்தன, ஒருவரும் மேலே பார்க்கவில்லை. இந்தக் கூரைக்கு இனி யார் எப்போது வருவார்கள் என்று யோசித்தேன். அப்படிப் பயந்தது என் வாழ்க்கையில் இல்லை, பிள்ளை. ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளில்கூட உன்னைக் கையில் வைத்திருந்தேன், அந்தத் தெம்பு இருந்தது.

உனக்குத்தான் போன் எடுத்தேன். நீ எடுத்தாய். "அப்பா, பக்கத்திலை பேஷண்ட் இருக்கிறார், எல்லாம் ஓகேயா?" என்றாய். உன் குரலைக் கேட்டதும் வாய் தன் வேலையைக் காட்டிவிட்டது. "ஒண்டுமில்லை பிள்ளை, சும்மா எடுத்தனான்." வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் நோ தானாக விட்டது. நான் எழும்பி, ஏசியைப் பார்த்து, கையெழுத்தும் போட்டுவிட்டு இறங்கி வந்தேன் என்றால் நீ நம்புவாயா? நம்புவாய். உனக்கு என்னைத் தெரியும். வானுக்குள் வந்து இருந்த பிறகுதான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. ஒன்றும் இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு பார்க்கிற ஆள். மாதக்கணக்காக என் நெஞ்சை அப்படித்தானே நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ பார்க்கும் நோயாளிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மறைக்கிற ஆளைப் பற்றி எனக்குத் தெரியும், அதை மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமையோ அடுத்த கிழமையோ என்னைப்போல் ஒருவர் உன் அறைக்கு வருவார். சேர்ட்டு மடிப்புக் கலையாமல் போட்டிருப்பார். முழங்கால் நோவுக்கு வந்தேன் என்பார். உன்னைச் சிரிக்கவைப்பார். தன் கூட்டாளி ஒருவருக்கு இப்படி இருக்கிறதாம் என்று போகிறபோக்கில் கேட்பார். அல்லது எல்லாம் முடிந்து, கதவுப்பிடியில் கை வைத்துக்கொண்டு, "அதுசரி பிள்ளை" என்று தொடங்குவார். அந்த மனிதரைக் கோபிக்காதே. பொய்யன் என்று நினைக்காதே. அவர் உன்னை ஏமாற்ற வரவில்லை, யாராவது இரண்டாந்தரம் கேட்கமாட்டார்களா என்று வந்திருக்கிறார். அவரைத் திரும்ப இருத்தி, உன் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு கேள். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் கேள்.

இனி அட்டையில் எழுதுவதுபோல் எழுதுகிறேன், இது நீ எழுதாத அட்டை. ஆள் ஆண், அறுபதைத் தாண்டியவர். நோ நெஞ்சின் நடுவில். கனமான பெட்டியைத் தூக்கி வைத்த மாதிரி. கோடை முடிகிற நேரம் தொடங்கியது. முதலில் படியேறினால் மட்டும். பிறகு சமதரையில் விரைவாக நடந்தாலும். தாடைக்குப் போகிறது, கைக்குப் போகவில்லை. வேர்க்கிறது. சீனி வருத்தம் இருக்கிறது, அது உனக்கே தெரியும், அன்று தெரியாததுபோல் கேட்டாய். நேற்றுக் காலை, ஒன்றும் செய்யாமல் கதிரையில் சும்மா இருக்கும்போதும் ஒருமுறை வந்தது. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது, பிள்ளை. அதைவிட, திங்கட்கிழமை நீ முதல் நாள் வேலைக்குப் போகும்போது என்னால் உன் மனம் கலங்கிப்போகுமே என்று பயமாக இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் பொறுத்துச் சொல்லலாம் என்றும் யோசித்தேன். ஆனால் உன் அறைக்கு வருகிற ஒருவர் உன்னிடம் அப்படிச் சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நாளைக்கில்லை, இண்டைக்கு.

இன்னும் கொஞ்ச நேரத்தில் உன் கார் வாசலில் வந்து நிற்கும். நாளைக்குக் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்ய அம்மா தேங்காய் பழமெல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள், அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நீ உள்ளே வந்ததும் நான் பேசமாட்டேன், பேசினால் ஒன்றுமில்லை என்றுதான் வரும். இந்தத் தாள்களைத்தான் கையில் தருவேன். நடிப்பு இல்லை. சேர்ட்டு மாற்றிவிட்டேன், சப்பாத்தும் போட்டுவிட்டேன், ஆஸ்பத்திரியில் காட்டுகிற மெடிகெயார் அட்டை பையில் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி என்று நீ சொல். அங்கே என்னை யாரோ ஒருவர் பார்க்கட்டும், ஒன்றும் இருக்கக்கூடாது என்று நினைக்காத ஒருவர். நீ மருந்து எழுத வேண்டாம், நெஞ்சில் கருவி வைத்துக் கேட்கவும் வேண்டாம். பக்கத்துக் கதிரையில் இரு.

திருப்பி நொந்தால் நான் கூட வருகிறேன் என்று செல்வராசாவுக்குச் சொல்லச் சொன்னாய். சொல்லிவிட்டேன். உன்னை வரட்டாம்.

அப்பா